பிளே ஸ்கூலில் தக்காளிக் காய்ச்சல்: பிள்ளையை அனுப்பலாமா, நிறுத்தலாமா?

சத்துவாச்சாரி மலர் (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு இரண்டே கால் வயது. பொங்கல் கழித்து, வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கும் ஒரு பிளே ஸ்கூலில் சேர்த்தோம். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை அங்கேதான். சாப்பாடு நான் கட்டிக் கொடுக்கிறேன், மதியத் தூக்கம் அங்கேயே. எனக்குக் காட்பாடியில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை. வீட்டுக்காரர் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷிப்டுக்குப் போகிறவர். மாமியாருக்கு இரண்டு முழங்காலிலும் வலி; ஓடுகிற பிள்ளையைத் துரத்திப் பிடிக்க அவரால் ஆகாது. வேறு வழி இல்லாமல் சேர்த்ததுதான்.

சேர்த்ததிலிருந்து மூக்கு ஒழுகல் நின்றபாடில்லை. ஒரு சளி காய்வதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. நடுவில் ஒரு முறை வயிற்றுப்போக்கு, ஒரு முறை கண் சிவந்து பீளை ஒட்டிக்கொண்டது. இப்போது வகுப்பில் சில பிள்ளைகளுக்குத் தக்காளிக் காய்ச்சல் வந்திருக்கிறது. உள்ளங்கை, பாதம், வாய் ஓரம் எல்லாம் கொப்புளம். என் மகளுக்கு இதுவரை ஒன்றும் இல்லை. தினமும் கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"எல்லா பொம்மைகளுக்கும் சானிடைசர் அடித்துவிட்டோம், பெற்றோர் பயப்பட வேண்டாம்" என்று பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். உடனே ஒரு அம்மா, "என் பையனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, கொப்புளம் மட்டும்தான் இருக்கிறது, நாளைக்கு அனுப்புகிறேன், முழு மாத ஃபீஸ் கட்டியிருக்கிறேன்" என்று எழுத, குழுவில் ஒரே சண்டை. வீட்டில் மாமியார் தன் பங்குக்கு: "நான் அப்பவே சொன்னேன், கேட்டியா? புள்ளைய இட்டுனு போயி அங்க வுட்டுட்டு வர்ற, அது ஊரு நோவெல்லாம் வாங்கினு வருது."

இந்த நோய் வந்த பிள்ளையை எத்தனை நாள் வீட்டில் வைக்க வேண்டும்? சானிடைசர் அடித்தால் போதுமா? இப்படி மாறி மாறி உடம்புக்கு வருவது எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ளதா, இல்லை அந்த இடமே சரியில்லையா? இடம் மாற்றுவதென்றால் எதைப் பார்த்து மாற்றுவது? பக்கத்தில் அங்கன்வாடியும் இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கொசப்பேட்டை குமரன்:

கோபித்துக்கொள்ளாதீர்கள் மேடம், உங்கள் மாமியார் சொல்வதுதான் சரி. ஐந்து வயது வரை பிள்ளை வீட்டில்தான் இருக்க வேண்டும். நாங்கள் எல்லாம் பாட்டி கையில் வளர்ந்தவர்கள், எந்தப் பிளே ஸ்கூலுக்கும் போகவில்லை. ஒரு தும்மல் கிடையாது.

பால்வாடி டீச்சர்:

மலர், நீ என் மகளைவிடச் சின்னவளாக இருப்பாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன். குடியாத்தம் பக்கத்துக் கிராமங்களில் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது காங்கேயநல்லூரில் இருக்கிறேன்.

முதலில் குமரன் தம்பிக்கு. உன்னை வளர்த்த பாட்டிக்கு வேறு வேலை இல்லாமல் இருந்திருக்கும், உன் பாக்கியம். எங்கள் பக்கம் பாட்டியும் பீடி சுற்றினாள், அம்மாவும் பீடி சுற்றினாள், இல்லையென்றால் தீப்பெட்டிக்குப் போனாள். எட்டு வயது அக்காதான் பள்ளிக்கூடம் போகாமல் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தாள். பால்வாடியில் தம்பியை விட்ட பிறகுதான் அந்தப் பெண் சிலேட்டு எடுத்தாள். ஒரு தும்மல்கூட இல்லாமல் வளர்ந்தவரை நான் இன்னும் பார்த்ததில்லை, அது இருக்கட்டும்.

இப்போது கொப்புளத்துக்கு வருவோம். இதை டாக்டர்கள் கை, கால், வாய் நோய் என்பார்கள். கிராமத்தில் இதையும் அம்மை என்று நினைத்து வேப்பிலை கட்டி உட்காரவைத்துவிடுவார்கள். ஒரு வகையில் அது நல்லதாகப் போயிற்று, பிள்ளை ஒரு வாரம் வெளியே வராது! இது வைரஸ். எச்சில், மூக்குச் சளி, கொப்புளத் தண்ணீர், மலம் எல்லாவற்றிலும் இருக்கும். காய்ச்சல் விட்டு, கொப்புளம் காய்ந்து, வாய்ப்புண் ஆறி ஜொள்ளு நிற்கும் வரை வீட்டில் வைக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு வாரம், சிலருக்குப் பத்து நாள். ஆகவே "காய்ச்சல் இல்லை, கொப்புளம் மட்டும்தான்" என்ற அந்த அம்மாவின் கணக்கு தப்பு. ஈரக் கொப்புளத்தோடும் ஒழுகும் வாயோடும் அனுப்பக் கூடாது.

ஆனால் குழுவில் சண்டை போட்ட மற்ற அம்மாக்களும் ஒன்றைக் கவனிக்கவில்லை. கொப்புளம் போன பிறகும் பல வாரம் மலத்தில் அந்த வைரஸ் வந்துகொண்டிருக்கும். அதற்காகப் பிள்ளையை மாதக் கணக்கில் நிறுத்திவைக்க முடியுமா? முடியாது. கழுவிவிடுகிற ஆயா அதன் பிறகு சோப்பு போட்டுக் கை கழுவுகிறாளா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சானிடைசர் இந்த வைரஸிடம் அவ்வளவாக எடுபடாது. சோப்பும் தண்ணீரும்தான். பிளாஸ்டிக் பொம்மையை முதலில் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் பிளீச்சிங் பவுடர் கலந்து, பத்து நிமிஷம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் போட வேண்டும். வேலூரில் வெயிலுக்கா பஞ்சம். அன்றன்றைக்குக் கலப்பதை அன்றன்றைக்கே கொட்டிவிட வேண்டும். பிளீச்சிங்கோடு டாய்லெட் ஆசிட்டைக் கலந்துவிடக் கூடாது, விஷ வாயு கிளம்பும். துணிப் பொம்மையை வெந்நீரில் துவைக்கலாம். துவைக்க முடியாத பெரிய கரடியை யாருக்காவது கொடுத்துவிடலாம்.

எதைப் பார்த்து இடத்தைத் தேர்வு செய்வது என்று கேட்டாயே, எனக்கு மனதில் பெரிய ஆதங்கமே அதில்தான். சேர்க்கப் போகும்போது எல்லோரும் ஹாலைப் பார்க்கிறார்கள். சுவரில் மிக்கி மவுஸ், ஏ.சி., சறுக்குமரம், கேமரா. பாத்ரூமைப் பார்ப்பதே இல்லை. நீ காலை பதினொரு மணிக்குச் சொல்லாமல் போ. பிள்ளை உயரத்துக்குக் குழாய் இருக்கிறதா? சோப்பு இருக்கிறதா, அது நனைந்திருக்கிறதா? நனையாத சோப்பு கண்காட்சிக்கு வைத்தது. கை துடைக்க இருபது பிள்ளைக்கும் ஒரே துண்டு தொங்குகிறதா? அப்படித் தொங்கினால் உன் மகளுக்குக் கண் எப்படி ஒட்டிக்கொண்டது என்று யாரையும் கேட்க வேண்டாம்.

அடுத்து, டயபர் மாற்றும் இடம் எது, டம்ளர் கழுவும் இடம் எது என்று பார். இரண்டும் ஒரே சிங்க் என்றால் அங்கேயே திரும்பிவிடு. கழுவிவிடுகிறவளும் ஊட்டிவிடுகிறவளும் ஒரே ஆள் என்றால் நடுவில் கை கழுவ அவளுக்கு நேரம் கிடைக்கிறதா என்று பார். ஒருத்தியே இருபத்தைந்து பிள்ளையைப் பார்த்தால் கிடைக்காது. அவள் கெட்டவள் என்பதால் இல்லை, அவளுக்கு இரண்டு கைதான். மதியம் ஒன்றரைக்கு, பிள்ளைகள் தூங்கும் நேரத்துக்கு ஒரு முறை போய்ப் பார். பெரியவர்கள் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரியும்.

நான் வேலை பார்த்தபோது காலையில் வாசலிலேயே உட்கார்ந்துகொள்வேன். உள்ளே வரும் ஒவ்வொரு பிள்ளையின் கழுத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். உள்ளங்கை, கண், காதுக்குப் பின்னால், தலைமுடி. இதற்கு ஒரு பிள்ளைக்கு அரை நிமிஷம் ஆகாது. சிரங்கு, மெட்ராஸ் ஐ, பொன்னுக்கு வீங்கி, பேன் எல்லாம் வாசலிலேயே பிடிபடும். பிடிபடாத ஒன்றுதான் உண்டு: காலை எட்டு மணிக்குப் பாரசிட்டமால் ஊற்றி, உடம்பைக் குளிரவைத்து அனுப்பும் வித்தை. அந்த மருந்து நாலு, ஆறு மணி நேரம்தான் தாங்கும். பகல் பன்னிரண்டு, ஒரு மணிக்குப் பிள்ளை உடம்பு கொதிக்கும், அம்மா போன் எடுக்க மாட்டாள். அதற்குள் அந்தப் பிள்ளை எல்லார் டம்ளரிலும் வாய் வைத்திருக்கும். அந்த அம்மாவைத் திட்டவும் எனக்கு மனம் வராது, ஒரு நாள் போகாவிட்டால் கூலி போய்விடும். மருந்து இல்லாமலே ஒரு முழு நாள் காய்ச்சல் வராமல் இருந்தால்தான் அனுப்புவது என்ற ஒரே ஒரு விதியை எல்லோரும் பிடித்தால் பாதி நோய் குறையும்.

அங்கன்வாடியில் மாதா மாதம் எடை பார்ப்பார்கள், புஜத்தின் சுற்றளவை நாடாவால் அளப்பார்கள் (11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு, உடனே ஆஸ்பத்திரி), சத்துமாவும் முட்டையும் உண்டு, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பூச்சி மாத்திரை. எல்லாம் நல்லதுதான். ஆனால் உனக்கு மாலை ஐந்து வரை ஆள் வேண்டும், அது அங்கே நடக்காது. டீச்சர் எப்படிப்பட்டவர் என்பதையும் பொறுத்தது, நான் என் இனத்தை விட்டுக்கொடுக்காமல் பேசினாலும் அதுதான் உண்மை.

சத்துவாச்சாரி மலர்:

டீச்சரம்மா, உங்கள் பதிவை அப்படியே வீட்டுக்காரருக்கும் அனுப்பினேன். சனிக்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பதினொன்றரைக்குப் போய் நின்றேன். ஹாலில்தான் உட்காரச் சொன்னார்கள், பாத்ரூம் போக வேண்டும் என்று சொல்லி உள்ளே போனேன்!

குழாய் பெரியவர்கள் உயரத்தில். ஸ்டூல் போட்டு ஏற்றி நிறுத்துகிறார்கள், அது ஆடுகிறது. சோப்பு இருந்தது, நனைந்தும் இருந்தது, அந்த வரைக்கும் சந்தோஷம். துண்டு நீங்கள் சொன்னபடியே ஒன்றுதான். டயபர் மாற்றத் தனியாக ஒரு மேடை, அது சமையல் பக்கம் இல்லை. பிள்ளைகள் இருபதுக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு டீச்சர், ஒரு ஆயா. அன்றைக்கு ஆயாவே இருமிக்கொண்டிருந்தார். எனக்கு இதைவிடப் பெரிய கவலை, மாடியில் தகரக் கூரை. மார்ச்சிலேயே அனல் அடிக்கிறது.

இன்னொன்று. சிரப் பாட்டிலைக் கொடுத்து வைத்தால் தேவைப்படும்போது தாங்களே கொடுத்துவிடுவதாகச் சொல்கிறார்கள். கொடுத்து வைக்கலாமா? திரும்ப அனுப்பும்போது டாக்டர் சர்டிபிகேட் வேண்டும் என்றும் கேட்கிறார்கள்.

பாகாயம் சிஸ்டர்:

மலர், நான் குழந்தைகள் வார்டில் வேலை பார்த்த நர்ஸ். முதல் வருடம் கூட்டாக இருக்கும் இடத்துக்குப் போகும் பிள்ளைக்கு எட்டு, பத்து முறை சளி பிடிப்பது சாதாரணம். இரண்டாம் வருடம் குறையும். எடை ஏறுகிறதா, சளி இல்லாத நாட்களில் ஓடி விளையாடுகிறாளா என்று பாருங்கள். ஏறினால், விளையாடினால், கவலை வேண்டாம். ஒவ்வொரு சளிக்கும் ஆன்டிபயாடிக் கேட்டு நிற்காதீர்கள், வைரஸுக்கு அது வேலை செய்யாது.

சிரப் பாட்டிலைப் பொறுத்தவரை, கொடுத்து வைக்காதீர்கள். பாரசிட்டமால் சிரப்பிலேயே 5 மில்லிக்கு 120, 125, 250 மில்லிகிராம் என்று பல அடர்த்தி உண்டு. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கே 100 மில்லிகிராம். பக்கத்துப் பிள்ளையின் பாட்டிலை மாற்றி எடுத்து, "எப்போதும் கொடுக்கும் அளவுதானே" என்று மூடியில் ஊற்றினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். டாக்டர் எழுதிய மருந்து பகலில் ஒரு வேளை கட்டாயம் என்றால் மட்டும், பெயர், எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு என்று சீட்டில் எழுதி, அன்றைக்கு அன்று கொடுத்து அன்றே திரும்ப வாங்குங்கள். இருமல் சிரப் வேண்டவே வேண்டாம். 2025இல் மத்தியப் பிரதேசத்தில் நச்சு கலந்த இருமல் மருந்தால் குழந்தைகள் இறந்ததைப் படித்திருப்பீர்கள். நச்சு இல்லாவிட்டாலும் ஐந்து வயதுக்குள் பொதுவாக அதற்குத் தேவை இல்லை.

கை, கால், வாய் நோயைப் பெரும்பாலும் காக்ஸாக்கி என்ற வகை வைரஸ் உண்டாக்குகிறது. தனி மருந்து கிடையாது, தானாகப் போகும். வாய்ப்புண்ணால் பிள்ளை தண்ணீர்கூடக் குடிக்காது, அதுதான் தொல்லை. ஆறவைத்த கஞ்சி, மோர், இளநீர் என்று சில்லென்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். காரமும் ஆரஞ்சுச் சாறும் எரியும். ஆறு, எட்டு மணி நேரம் சிறுநீர் போகாமல் இருந்தாலோ, மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் அடித்தாலோ, வாந்தி விடாவிட்டாலோ, தூங்கும்போது உடம்பு திடுக் திடுக்கென்று துள்ளினாலோ, நடை தள்ளாடினாலோ, எழுப்ப முடியாமல் மயங்கிக் கிடந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. சில வாரம் கழித்து நகம் கழன்று விழலாம். அப்போது பயந்து ஓடி வருபவர்கள் நிறைய. அது வலிக்காது, புது நகம் வந்துவிடும்.

வயிற்றுப்போக்கு வந்தபோது என்ன கொடுத்தீர்கள் என்று எழுதவில்லை. ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட் என்றால் முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும். பாதிப் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கலந்து கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், உப்பு ஏறிப் பிள்ளைக்கு இன்னும் மோசமாகும். 24 மணி நேரம் கழித்து மீதியைக் கொட்டிவிடுங்கள். கூடவே துத்தநாக (ஜிங்க்) மாத்திரை 14 நாள். போக்கு நின்றதும் பாதியில் நிறுத்தாதீர்கள். பிள்ளையைத் திரும்ப அனுப்புவது போக்கோ வாந்தியோ நின்று ஒரு நாள் கழித்துத்தான், இரண்டு நாள் என்றால் இன்னும் நல்லது.

நம் ஊர்க்காரர்கள் அதிகம் பேசாத விஷயம் ஒன்று. பிள்ளைகளை வயிற்றுப்போக்கில் வாட்டும் ரோட்டா வைரஸுக்கு இந்தியாவிலேயே தயாரித்த சொட்டு மருந்தின் பெரிய பரிசோதனை நடந்த மூன்று இடங்களில் வேலூரும் ஒன்று. இங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் ககன்தீப் காங் குழுவினர் இங்குள்ள குழந்தைகளிடம் வருடக்கணக்காக அந்த வைரஸை ஆராய்ந்தார்கள். 2016இல் அரசு தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா சொட்டு மருந்து சேர்ந்தது. 6, 10, 14 வாரத்தில் கொடுப்பது. உங்கள் மகளின் அட்டையை எடுத்து அது இருக்கிறதா, ஒன்றரை வயதை ஒட்டிப் போட வேண்டிய தட்டம்மை ரூபெல்லா இரண்டாம் ஊசி போட்டாயிற்றா என்று பாருங்கள். பொன்னுக்கு வீங்கிக்கும் சின்னம்மைக்கும் ஊசி அரசு அட்டவணையில் இல்லை, தனியாரில்தான். பிளே ஸ்கூல்காரர்கள் சேர்க்கும்போது அட்டையைக் கேட்டார்களா? கேட்கவில்லை என்றால் மற்றப் பிள்ளைகளிடமும் கேட்டிருக்க மாட்டார்கள்.

காந்தி நகர் கிரீச்:

காட்பாடியில் சின்னதாக ஒரு கிரீச் நடத்துகிறேன். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். வாசலில் பிள்ளையைத் தொட்டுப் பார்த்துத் திருப்பி அனுப்பினால், "உங்களுக்குத்தானே பணம் கட்டுகிறோம்" என்று நடுத்தெருவில் கத்துவார்கள். மறுநாள் கூகுளில் ஒரு ஸ்டார். அதற்குப் பயந்தே பல இடங்களில் யாரும் திருப்பி அனுப்புவதில்லை.

நான் செய்தது இதுதான். நோயால் வராத நாட்களில் பாதியை அடுத்த மாத ஃபீஸில் கழித்துக்கொள்கிறேன். எனக்குக் கொஞ்சம் கை கடிக்கிறது. ஆனால் ஃபீஸ் போகிறதே என்று சூட்டோடு அனுப்புவது பெருமளவு நின்றுவிட்டது. மலர், உங்கள் குழுவில் அந்த அம்மாவோடு சண்டை போடுவதைவிட, எல்லோரும் சேர்ந்து நடத்துபவரிடம் இதைக் கேளுங்கள்.

அந்த இருமும் ஆயா பற்றி எழுதியிருந்தீர்கள். வராத நாளுக்குச் சம்பளம் பிடித்தால் அவர் இருமிக்கொண்டுதான் வருவார். பெற்றோர் யாரும் இதுவரை என்னிடம் ஆயாவுக்கு நோய் விடுப்பு உண்டா என்று கேட்டதில்லை. கேட்க வேண்டிய கேள்வி.

சர்டிபிகேட் விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. சாதாரணச் சளிக்கு ஒரு சீட்டுக்காக ஆஸ்பத்திரி வரிசையில் நிறுத்தினால் அங்கே இன்னொன்றை வாங்கிக்கொண்டு வரும். சின்னம்மை, கை கால் வாய் நோய் போன்றவற்றுக்குக் கேட்டால் நியாயம். சின்னம்மை என்றால் எல்லாக் கொப்புளமும் பொருக்கு தட்டியிருக்க வேண்டும், தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று என்பது கணக்கில்லை.

தமிழ்நாட்டில் 2015இலிருந்து பிளே ஸ்கூல்களுக்குத் தனி விதிமுறை இருக்கிறது, அங்கீகாரம் வாங்க வேண்டும். இருபது பிள்ளைக்கு ஒரு டீச்சர், ஒரு பராமரிப்பாளர் என்பது மூன்றிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைகளுக்குத் தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையம் சொல்லும் அளவு. அந்த ஆள் கணக்கில் உங்கள் இடம் தேறிவிடும், ஆனால் உங்கள் மகள் அதைவிடச் சின்னவள்; தூங்கும் நேரத்தில் இருவரும் ஒன்றாகச் சாப்பிடப் போகவும் கூடாது. கூட்டிக்கொண்டு போக யார் யார் வரலாம் என்று போட்டோவோடு எழுதி வாங்கினார்களா? ஆட்டோக்காரர் மாறினால் உங்களுக்குப் போன் வருமா? வேலைக்கு எடுக்கும் ஆளைப் போலீஸ் சரிபார்ப்பு செய்கிறார்களா? இதையும் கேளுங்கள்.

பால்வாடி டீச்சர்:

கிரீச் நடத்தும் அம்மா சொன்ன பாதி ஃபீஸ் யோசனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எங்கள் காலத்தில் ஃபீஸும் இல்லை, ஸ்டாரும் இல்லை!

மலர், தகரக் கூரைதான் எனக்கும் இடிக்கிறது. கத்திரி வெயிலில் நம் ஊர் 40 டிகிரியைத் தாண்டும், தகரத்துக்குக் கீழே அதைவிடக் கூட. சின்னப் பிள்ளைக்குத் தாகம் எடுத்தாலும் கேட்கத் தெரியாது, விளையாட்டில் மறந்துவிடும். மணிக்கு ஒரு முறை பெரியவர்களே டம்ளரை நீட்ட வேண்டும். மதியத் தூக்கத்தைக் கீழ்த்தளத்துக்கு மாற்ற முடியுமா என்று கேள். மாடி என்பதால் படிக்கட்டையும் பார். வழி ஒன்றுதானா, கேட்டைப் பூட்டி வைக்கிறார்களா, சாவி யாரிடம், அடுப்பும் சிலிண்டரும் எங்கே. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் போனது அடுப்படியில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவியதால். கீற்றை ஊரெல்லாம் எடுத்துவிட்டார்கள். குறுகிய படிக்கட்டு இன்னும் பல இடங்களில் அப்படியேதான் இருக்கிறது. மாடியில் இருக்கும் எந்த இடத்திலும் நான் முதலில் படியைத்தான் எண்ணுவேன்.

டிபன் டப்பாவில் நீ கட்டிக் கொடுப்பதையும் சொல்லிவிடுகிறேன். முழு வேர்க்கடலை, கடலை மிட்டாய், பட்டாணி, முழு திராட்சை வேண்டாம். திராட்சை என்றால் நீளவாக்கில் நாலாக வெட்டு. தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம்முக்கு மூடி உண்டா, வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவிக் காயவைக்கிறார்களா என்றும் பார். டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், பகலில்தான் கடிக்கும். பகலில் தூங்குவது உன் மகள்தான்.

கொசப்பேட்டை குமரன்:

டீச்சரம்மா, எல்லாவற்றையும் படித்தேன். என் அக்கா பையன் பகல் முழுக்க எங்கள் அம்மாவிடம்தான். வீட்டில் சம்பு (தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி) இருக்கிறது, மேலே ஒரு பலகைதான். அம்மா கடலையும் பொரியும் கலந்து கிண்ணத்தில் போட்டுக் கொடுத்துவிட்டு சீரியல் பார்ப்பார்கள். தொண்டையில் மாட்டினால் என்ன செய்வது?

பாகாயம் சிஸ்டர்:

குமரன் சார், பிள்ளை இருமினால், அழுதால், விடுங்கள், இருமட்டும். வாய்க்குள் கண்ணை மூடிக்கொண்டு விரலை விடாதீர்கள், உள்ளே தள்ளிவிடும். சத்தமே வராமல், மூச்சு வராமல் முகம் நீலமாகிறது என்றால் தாமதிக்கக் கூடாது. ஒரு வயதுக்குள் என்றால் முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவில் ஐந்து அடி. வராவிட்டால் மல்லாக்கத் திருப்பி, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அழுத்து. மாறி மாறி. ஒரு வயதுக்கு மேல் என்றால் முதுகில் ஐந்து அடிக்குப் பிறகு, பின்னால் மண்டியிட்டு, தொப்புளுக்குச் சற்று மேலே கை மடக்கி வைத்து உள்ளேயும் மேலேயுமாக ஐந்து இழுப்பு. பக்கத்தில் இருப்பவர் 108ஐக் கூப்பிட வேண்டும். மயங்கி விழுந்தால் தரையில் கிடத்தி நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்.

சம்புக்குப் பலகைக்குப் பதில் இன்றைக்கே இரும்பு மூடியும் பூட்டும் போடுங்கள். பாத்ரூம் பக்கெட்டில் தண்ணீர் நிரப்பி வைக்கவும் கூடாது. தவழும் பிள்ளை தலைகீழாக விழ அரை பக்கெட் தண்ணீர் போதும், சத்தமும் கேட்காது.

சத்துவாச்சாரி மலர்:

எல்லோருக்கும் நன்றி. திங்கள்கிழமை நாங்கள் சில அம்மாக்கள் சேர்ந்து போய்ப் பேசினோம். ஆளுக்கொரு சின்னத் துண்டு பெயர் தைத்து நாங்களே கொடுப்பதாக முடிவு. ஆடாத படி ஒன்று தச்சரிடம் சொல்லியிருக்கிறார்கள். நோய் நாட்களுக்கு ஃபீஸ் குறைப்பது பற்றி "யோசிக்கிறோம்" என்றார்கள். ஆயா விடுப்பைக் கேட்டதும் நடத்துபவர் முகம் மாறிவிட்டது, ஆனால் மறுநாள் அந்த ஆயா வரவில்லை, வேறு ஒருவர் இருந்தார். சம்பளம் பிடித்தார்களா தெரியவில்லை, கேட்க வேண்டும். அந்தக் கொப்புளப் பையனின் அம்மா இந்த வாரம் அனுப்பவில்லை.

தூக்கத்தைக் கீழ்த்தளத்துக்கு மாற்ற முடியாதாம், கீழே கடை. அதனால் ஏப்ரல் கடைசியிலிருந்து கத்திரி முடியும் வரை நிறுத்திவைக்கலாம் என்று இருக்கிறோம். ஆரணியில் இருக்கும் மாமியாரின் தங்கை வந்து தங்குவதாகச் சொல்கிறார், அவருக்கு முழங்கால் நன்றாக இருக்கிறது. அவர் வருவது உறுதியானால் இங்கே எழுதுகிறேன்.